கா.கா.

எங்கள் அலுவலக வரைபடங்களில்
தேன்கனிக்கோட்டையைத் தாண்டிப் போனால்
ஓரிடத்தில் புல எண்கள் நின்றுவிடும்.
கிணறு, களம், வண்டிப்பாதை,
மாரியம்மன் கோயில் புறம்போக்கு, எல்லாம் நின்றுவிடும்.
அப்புறம் வெள்ளைத்தாள்.
நடுவில் சின்னதாக இரண்டெழுத்து: கா.கா.
காப்புக்காடு.
பதினெட்டு வருடமாக
அந்தக் கோடு வரைக்கும் மை தீட்டிவிட்டு
பேனாவைத் தூக்கிவிடுகிறேன்.

அந்த வெள்ளைக்குள் கூடாரம் போட இடம் இருக்கிறதாம்,
நான்கு இடம், இரவுக்கு இருநூறு ரூபாய்.
பேருந்து நிலையத் தட்டியில் படித்தபோது
யாரோ கணக்கைத் தப்பாக எழுதியதாக நினைத்தேன்.

வனச்சரக அலுவலகத்தில் மணி அடித்து ஓய்ந்தது.
மறுநாள் ஒருவர் எடுத்து, ஓசூரில் கேளுங்கள் என்றார்.
ஓசூர், தேன்கனிக்கோட்டையில் கேளுங்கள் என்றது.
மூன்றாம் வாரம் ஒரு பெண்குரல்:
"மழை நின்னா திறப்போம். ஆனை நின்னா மூடுவோம்."
இதைவிடத் தெளிவான உத்தரவை
என் சர்வீசில் நான் வாசித்ததில்லை.

கூடாரம், ஒடிசாவுக்குத் திரும்பும் தொழிற்சாலைப் பையனிடம்
பாதி விலைக்கு.
ஒரு கம்பி இல்லை. ஒரு பக்கம் கிழிசல்.
குல்சார் தன் தையல் மெஷினில்
குடைத்துணி வைத்து மூட்டினாள்.
கம்பிக்கு அவள் வீட்டு ஆன்டெனா.
மொட்டைமாடியில் கட்டிப் பார்த்தோம்.
காற்றடித்ததும் மலைக்கோட்டைப் பக்கமாக
ஓரடி நகர்ந்தது.
"உள்ள ஆள் இருந்தா நகராது" என்றாள்,
என்னை மேலும் கீழும் பார்த்து.

வாழைப்பழம் கூடாது. மாம்பழம் கூடவே கூடாது
(கிருஷ்ணகிரியில் இதை அச்சடித்துக் கொடுக்க
தனித் துணிச்சல் வேண்டும்).
தலையில் பூ வேண்டாம்.
உப்பை வெளியே வைக்க வேண்டாம்.
குல்சார் அத்தர் புட்டியைப் பைக்குள் வைத்தாள்,
எடுத்தாள், வைத்தாள்,
கடைசியில் மூடியை மட்டும் முகர்ந்துவிட்டு
அலமாரியைப் பூட்டினாள்.
ராகிமாவு, நிலக்கடலை, இரண்டு டார்ச்.
நான் அவளுக்குத் தெரியாமல்
அளவு டேப்பை அடியில் செருகினேன்.

சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில்களை எண்ணினார்கள்.
"எட்டு போகுது. எட்டு திரும்பி வரணும்."

வெள்ளையடித்த கல் வைத்த நான்கு மண்சதுரம்.
தாரில் எழுதிய எண்கள்.
எங்களுக்கு மூன்று.
மூன்றின் நடுவில் இன்னும் ஆவி அடங்காத சாணக் குவியல்.
"விடிகாலைல இங்கதான் நின்னுச்சு,"
காவலர் பசவராஜு கடிந்துகொள்ளாமல் சொன்னார்,
"நீங்க நாலுக்குப் போங்க."

நான்கு சரிவு.
இரவெல்லாம் நான் குல்சார்மேல் உருண்டேன்,
குல்சார் ஆன்டெனாமேல்.
பம்புத் தண்ணீரில் இரும்பு ருசித்தது.
பள்ளத்தில் ஆறு ஏதோ இழுத்துக்கொண்டே இருந்தது.
பிறகு மூங்கில் ஒடியும் சத்தம்,
ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று.
அவள் உதட்டுக்குள் ஓதுவது கேட்டது.
எனக்கு ஓதத் தெரிந்தது
எல்லைக்கல் இலக்கங்கள்தான். ஓதினேன்.

காலையில் ஈரமண்ணில் ஒரு தடம்.
டேப்பை எடுத்தேன்.
வெட்கமாக இருந்தது, ஆனாலும் சுற்றிப் பிடித்தேன்:
நாலடி நாலங்குலம்.
"முன்னங்கால். ரெண்டு சுத்து, தோள் உயரம்,"
பசவராஜு தலைக்கு மேலே காற்றில் கை வைத்துக் காட்டினார்.
அந்தக் கைக்குக் கீழே
குல்சார் போய் நின்று பார்த்தாள்.

திரும்பும்போது சாவடியில் ஏழு பாட்டில்.
பையைக் கொட்டினோம். கூடாரத்தை உதறினோம். ஏழுதான்.
முன்பணத்தில் பிடித்துக்கொண்டு
பதிவேட்டை நகர்த்தினார்கள்:
தேதி, பெயர், தொலைந்த பொருள்,
தொலைந்த இடம்.

புல எண் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.
பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலே நின்றது.
பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது.
கா.கா. என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.